பெயர் என்னும் புறம்போக்கு: மூன்று அமேசான்களும் இணையப் பெயர்ச் சட்டமும்

1

1999 ஏப்ரலில் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரத்துப் புத்தகக் கடை ஒன்று வழக்குப் போட்டது. கடையின் பெயர் அமேசான் புத்தகக் கூட்டுறவு. எதிராளி அமேசான் டாட் காம். வழக்கின் சாரம் இவ்வளவுதான்: ‘எங்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள், எங்களைத் தேடி வருகிறவர்கள் குழம்புகிறார்கள்.’

கடை 1970இல் தொடங்கியது. ஒரு வீட்டு முன்தாழ்வாரத்தில் பெண்கள் சிலர் புத்தகங்களைப் பரப்பி வைத்து ஆரம்பித்தார்கள். பெண்ணிய எழுத்துக்குப் பெரிய கடைகளின் அலமாரியில் இடம் கிடைக்காத காலம். கிரேக்கத் தொன்மத்தில் ஆண்களின் ஆட்சியை ஏற்காமல் வில்லெடுத்துப் போரிட்ட பெண்களுக்கு அமேசான்கள் என்று பெயர். பெண்ணிய இயக்கம் அந்தப் பெயரைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டிருந்தது. கடைக்கும் அதையே வைத்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. தொன்மம் பொதுச் சொத்து.

ஜெஃப் பெசோஸ் தன் கம்பெனியை 1994இல் ஆரம்பித்தபோது வைத்த பெயர் ‘கடாப்ரா’. அதை ஃபோனில் சொன்னால் ஆங்கிலத்தில் பிணத்தைக் குறிக்கும் சொல்லாகக் காதில் விழுகிறது என்பதால் கைவிட்டார்கள். பிறகு கிடைத்தது அமேசான். உலகின் மிகப் பெரிய ஆறு. உலகின் மிகப் பெரிய புத்தகக் கடை என்று சொல்லிக்கொள்ளத் தோதான பெயர். அகரவரிசைப் பட்டியல்களில் முதல் எழுத்தில் வரும் என்பது கூடுதல் லாபம். 1995 ஜூலையில் இணையத்தில் விற்பனை தொடங்கியது.

இப்படிப் பெண்களுடைய அமேசான் ஒன்று, கம்பெனியின் அமேசான் ஒன்று. மூன்றாவது, ஆறு. அந்த ஆற்றங்கரை நாடுகளும் கம்பெனியும் 2012 முதல் 2019 வரை இதே பெயருக்காகச் சண்டை போட்டன. இந்த இரண்டு வழக்குகளையும் சேர்த்து வாசித்தால் இணையப் பெயர்களில் ‘வணிகக் குறியைப் பாதுகாத்தல்’ என்ற சொல்லாடல் எப்படிக் கட்டப்பட்டது, அதில் யார் பேசமுடிந்தது, யாருக்குப் பேச இடமே வைக்கப்படவில்லை என்பது துலங்கும்.

2

முதலில் வணிகக் குறி என்பது என்னவாக இருந்தது என்று பார்க்கலாம்.

நம்மூர் உதாரணம் ஒன்று. முனியாண்டி விலாஸ் ஊருக்கு ஊர் இருக்கிறது. எல்லாம் ஒரே முதலாளிக்குச் சொந்தமில்லை. சேலத்தில் சாப்பிட்டவர் தஞ்சாவூரில் இன்னொரு முனியாண்டி விலாஸ் பலகையைப் பார்த்துத் தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைப்பதில்லை. ஊர் வேறு, கல்லாவில் இருக்கிற ஆள் வேறு, சாமி பெயர் ஒன்று. அதே பெயரில் ஒரு லாரி செட்டும் சைக்கிள் கடையும் இருந்தாலும் பிரச்சினை இல்லை.

பழைய வணிகக் குறிச் சட்டமும் ஏறக்குறைய இந்த வழக்கத்தை ஒட்டியே இருந்தது. ஒரு பெயரின் மேல் வியாபாரிக்குள்ள உரிமைக்கு இரண்டு எல்லைகள் இருந்தன. ஒன்று இடம், இன்னொன்று சரக்கு. இங்கிலாந்தில் 1875இல் வணிகக் குறிப் பதிவுச் சட்டம் வந்தது. 1876 ஜனவரி முதல் தேதி முதலாவதாகப் பதிவானது பாஸ் என்ற பீர் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். பீருக்கு அந்த முக்கோணம் பாஸ் கம்பெனியுடையது, அவ்வளவுதான். உலகத்து முக்கோணங்களெல்லாம் அவர்களுடையவை ஆகிவிடவில்லை. 1957 நீஸ் ஒப்பந்தம் சரக்குகளையும் சேவைகளையும் வகை வகையாகப் பிரித்தது. இன்று 45 வகைகள். இந்தியாவில் 1940இல் வந்த சட்டமும் இந்த வழியில்தான் போனது.

இந்த உரிமைக்குச் சொல்லப்பட்ட நியாயம் வாங்குகிறவர் ஏமாறக்கூடாது என்பது. வாங்குகிறவர் பெயரைச் சொல்லி வழக்காடியது என்னவோ வியாபாரிதான். ஆனாலும் ஒருவருடைய சரக்கை இன்னொருவருடையது என்று ஜனங்கள் எண்ணிக் குழம்புவார்கள் என்பதை அவர் கோர்ட்டில் காட்டியாக வேண்டும். ஏமாற்று இல்லையென்றால் வழக்கு இல்லை.

இந்த நியாயத்தை மாற்றிப்போடும் வாதம் 1927இல் வந்தது. ஃபிராங்க் ஷெக்டர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் ஹார்வர்ட் சட்ட இதழில் எழுதிய கட்டுரையில், யாரும் ஏமாறாவிட்டாலும் தீங்கு இருக்கிறது என்றார். ஒரு பெயருக்கென்று தனித்த ஈர்ப்பு இருக்கிறது. மற்றவர்கள் அதை வேறு எதற்காவது பயன்படுத்தினால் அந்த ஈர்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும். அந்தத் தேய்மானமே தீங்கு. இதன் அரசியல் நாம் கவனிக்க வேண்டியது. இங்கே வாங்குகிறவர் காணாமல் போய்விட்டார். பெயர் தன்னளவில் ஒரு சொத்து, அதற்கு வரப்பு வெட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இது ஏறுவதற்குக் கிட்டத்தட்ட எழுபது வருஷம் ஆயிற்று. 1995 டிசம்பரில் அந்நாட்டுக் காங்கிரஸ் அதை நிறைவேற்றியது; 1996 ஜனவரியில் சட்டமாயிற்று. இணையம் வணிகத்துக்குத் திறக்கப்பட்ட அதே நேரம்.

குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையிலான உறவு இடுகுறித்தன்மை கொண்டது, சமூக வழக்கால் மட்டுமே நிற்பது என்று சசூரைப் படித்த நாம் பேசி வருகிறோம். ஷெக்டரின் வாதம் அந்த உறவைச் சட்டத்தால் ஆணியடித்து நிறுத்தச் சொல்கிறது. ஒரு சொல்லின் மற்ற அர்த்தங்கள் அந்த ஓர் அர்த்தத்துக்கு இடைஞ்சலாகிவிடுகின்றன.

3

இணையத்தின் பெயர் முறை வேறொரு தேவையிலிருந்து வந்தது. கணிப்பொறிகளுக்கு எண் முகவரிகள் உண்டு. மனிதருக்கு எண்கள் நினைவில் நிற்காது. ஆரம்பத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற ஒரே பட்டியலை ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் பராமரித்தார்கள். பட்டியல் பெருத்துப் போனதும் 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் கிளை பிரியும் ஒரு முறையை வடிவமைத்தார். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குச் சொல்வதானால் இணையப் பெயர் பகுதியும் விகுதியுமாகப் பிரியும். ‘காம்’ வணிகத்துக்கான விகுதி, ‘ஆர்க்’ பிற அமைப்புகளுக்கு, ‘எஜு’ கல்விக்கு. முதல் ‘காம்’ பெயர் 1985 மார்ச்சில் பதிவானது.

ஒரே விகுதியின் கீழ் ஒரே பகுதி இரண்டு முறை வரமுடியாது. இது இயந்திரத்தின் தேவை. ‘அதனால்தான் சண்டை வந்தது, வேறு வழியில்லை’ என்று பிற்பாடு பலரும் எழுதினார்கள். அது அரை உண்மை. அமெரிக்காவுக்கான ‘யுஎஸ்’ என்ற விகுதியின் கீழ் மாநிலம், அதன் கீழ் நகரம், அதன் கீழ் கடை என்று பெயர்களை அடுக்கும் ஏற்பாடு அப்போதே நடைமுறையில் இருந்தது. மின்னியாபொலிஸ் அமேசானும் சியாட்டில் அமேசானும் தத்தம் ஊர்ப் பெயரோடு அருகருகே இருந்திருக்கலாம். முனியாண்டி விலாஸ்கள் இருக்கிற மாதிரி. ஆனால் எல்லாக் கம்பெனிகளும் ‘காம்’ என்ற ஒரே விகுதிக்குள் போய் நெருக்கிக்கொண்டன. சட்டத்துக்கு இருந்த இட எல்லை, சரக்கு எல்லை இரண்டும் அங்கே இல்லை. பற்றாக்குறையை உண்டாக்கியதில் தொழில்நுட்பத்துக்கு இருந்த பங்கை விடச் சந்தைக்கு இருந்த பங்கு பெரிசு.

இந்தப் பெயர்களை நிர்வகித்தவர்களில் முக்கியமானவர் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜான் போஸ்டல். 1994 மார்ச்சில் அவர் எழுதிய ஒரு வழிகாட்டுக் குறிப்பு அப்போதைய மனநிலையைக் காட்டுகிறது. பெயர்களின் விஷயத்தில் உரிமை, உடைமை என்று பேசுவதே பொருத்தமில்லாதது, சமூகத்துக்கான பொறுப்பு, சேவை என்று பேசுவதே சரி என்று அதில் சொன்னார். அவர் முதன்மையாகச் சொன்னது விகுதிகளைக் கவனித்துக்கொள்கிறவர்களைப் பற்றி. அதன் கீழே பெயர் பதிகிறவர்களுக்குள் தகராறு வந்தால் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு அதில் வேலை இல்லை என்றும், பெயரைப் பதிவதால் வணிகக் குறி உரிமை உண்டாகாது என்றும் அதே குறிப்பு சொன்னது.

நம் வருவாய்த்துறைச் சொல் ஒன்று இங்கே பொருந்தும்: புறம்போக்கு. யாருக்கும் பட்டா கிடையாது, எல்லாரும் புழங்கலாம். போஸ்டலின் குறிப்பு வந்த ஒன்றரை வருஷத்தில் அந்தப் புறம்போக்கில் பட்டா கொடுக்க ஆரம்பித்தார்கள்.

1993 முதல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் நிறுவனம் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் கம்பெனியிடம் பதிவு வேலையை ஒப்படைத்திருந்தது. செலவு அரசுடையது, பெயர் இலவசம். 1995 செப்டம்பரிலிருந்து இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் கட்டணம் வசூலிக்க அனுமதி கொடுத்தது. வெறும் பட்டியல் பணம் காய்க்கும் மரமாயிற்று. 2000 மார்ச்சில் இந்தக் கம்பெனியை வெரிசைன் வாங்குவதாக அறிவித்தபோது சொல்லப்பட்ட மதிப்பு சுமார் 2,100 கோடி டாலர், பங்குகளாக.

பந்திக்கு முந்துகிறவர்களும் வந்தார்கள். 1994இல் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர் மெக்டொனால்ட்ஸ் என்ற பெயரை ‘காம்’ விகுதியோடு தன் பெயரில் பதிந்துகொண்டு, அதைப் பற்றி வயர்ட் இதழில் எழுதினார். கடைசியில் நியூயார்க் பள்ளி ஒன்றுக்குக் கம்பெனி கணிப்பொறி வசதி செய்துகொடுக்க, பெயரை விட்டுக்கொடுத்தார். டென்னிஸ் டோப்பனுடையது இவ்வளவு வேடிக்கையான கதை இல்லை. அவர் பிரபலமான கம்பெனிகளின் பெயர்களைக் கூடை கூடையாகப் பதிந்து வைத்தார். சினிமாக் கேமராக்களுக்குப் பேர்போன பானாவிஷன் தன் பெயரைக் கேட்டபோது 13,000 டாலர் கேட்டார். தன் தளத்தில் அவர் போட்டு வைத்திருந்தது இல்லினாய் மாநிலத்தில் உள்ள பானா என்ற சிற்றூரின் படங்கள்! 1998இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் பானாவிஷன் பக்கம் தீர்ப்பளித்தது. பானா ஊர்ப் படங்களைப் பார்த்து யாரும் கேமரா என்று ஏமாறப் போவதில்லை. ஆகவே நீதிமன்றம் சார்ந்து நின்றது 1996இல் சட்டமான அந்தத் தேய்மான வாதத்தின் மேல்.

டோப்பனுக்காக நாம் அழ வேண்டியதில்லை. ஆனால் அவரைப் பிடிக்க வீசிய வலையில் என்னென்ன அகப்பட்டன என்று பார்க்க வேண்டும். நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் 1995 ஜூலையில் ஒரு விதி கொண்டுவந்தது. பதிவு செய்த வணிகக் குறியின் சான்றிதழை ஒருவர் காட்டினால், அதே பெயரை வைத்திருக்கிற மற்றவரின் இணையப் பெயரை முடக்கி வைக்கலாம். அவர் யாரையாவது ஏமாற்றினாரா என்ற கேள்வியே இல்லை. சான்றிதழ் இருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

4

மின்னியாபொலிஸ் பெண்களிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. அவர்களுக்கு இருந்தது நெடுநாள் புழக்கத்தால் வருகிற வழக்காற்று உரிமை மட்டும்.

வழக்கில் நடந்தது ஒன்று அன்றைக்குச் செய்தியாயிற்று. சாட்சியம் பதியும்போது அமேசான் டாட் காமின் வழக்கறிஞர் கடைப் பெண்களிடம் அவர்களின் பாலியல் விருப்பம் பற்றிக் கேட்டார். உங்கள் சந்தை வேறு, எங்கள் சந்தை வேறு. நீங்கள் ஒருபால் உறவுப் பெண்களுக்கு விற்பவர்கள், நாங்கள் எல்லாருக்கும் விற்பவர்கள் என்று காட்டுவதற்கான கேள்வி. எந்தச் சரக்கு எல்லையை இணையம் அழித்துவிட்டதோ, அதே எல்லை, கம்பெனிக்குத் தேவைப்பட்டபோது சிறுபான்மை அடையாளத்தைச் சுற்றி மறுபடி வரையப்பட்டது. பெரியவருக்கு எல்லை கிடையாது, சின்னவருக்கு மட்டும் எல்லை உண்டு என்பது அதன் பொருள்.

1999 நவம்பரில் சமரசம் ஆயிற்று. பெயரின் மேல் தனக்கிருந்த வழக்காற்று உரிமையைக் கடை கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தது. அந்தப் பெயரைப் பயன்படுத்த அதே கம்பெனியிடமிருந்து அனுமதி வாங்கிக்கொண்டது. சொந்த நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டு அதிலேயே குத்தகைக்கு இருப்பது நம் கிராமங்களுக்குப் புதிய விஷயம் இல்லை. அனுமதியும் அந்தக் கூட்டுறவோடு முடிந்தது. 2008இல் கடை கைமாறியபோது புது உரிமையாளரால் அமேசான் என்ற பெயரைத் தொடர முடியவில்லை. ட்ரூ கலர்ஸ் என்று மாற்றினார். 2012இல் கடை மூடப்பட்டது. சிறு புத்தகக் கடைகள் மூடப்பட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. பெயர் போனதால்தான் கடை போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. 1970இல் யாரையும் கேட்காமல் வைக்க முடிந்த பெயரை 2008இல் வைக்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

5

இதற்குள் உலகம் முழுவதற்குமான ஏற்பாடு ஒன்று உருவாகிவிட்டது. 1998இல் கலிஃபோர்னியாவில் ஐகான் என்ற லாபநோக்கமற்ற அமைப்பு தொடங்கப்பட்டு, பெயர் நிர்வாகம் அதன் கைக்கு வந்தது. 1999இல் அது பெயர்த் தகராறுகளுக்கு ஒரு சீரான தீர்வு முறையை ஏற்றது. அதை வரைந்து கொடுத்தது ஐ.நா.வின் அறிவுசார் சொத்துரிமை அமைப்பு. புகார் கொடுப்பவர் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும்: பெயர் தன் வணிகக் குறியைப் போல் இருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தில் பதிந்து பயன்படுத்துகிறார். மல்யுத்தக் கம்பெனி ஒன்றின் புகாரில் 2000 ஜனவரியில் முதல் தீர்ப்பு வந்தது.

மூன்று நிபந்தனைகளும் நியாயமாகத்தான் தெரிகின்றன. நீதிமன்றத்தை விடச் செலவும் குறைவு. கெட்ட எண்ணத்தைக் காட்டியாக வேண்டும் என்பது 1995 விதியை விட மேல். சிக்கல் வாசற்படியில் இருக்கிறது. வணிகக் குறி இல்லாதவர் உள்ளேயே நுழைய முடியாது. ஒரு கிராமம், ஒரு பழங்குடி, ஓர் இயக்கம், ஒரு தொன்மம் ஆகியவற்றின் பெயரை யார் எடுத்துக்கொண்டாலும் அந்தச் சமூகம் இந்த மன்றத்தில் புகார் கொடுக்க வழியில்லை. இன்னொன்று, எந்த மன்றத்துக்குப் போவது என்று தேர்ந்தெடுப்பவர் புகார் கொடுப்பவர். ஆட்டாவா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கைஸ்ட் 2001இல் செய்த ஆய்வில், ஒரே நடுவர் விசாரித்த வழக்குகளில் சுமார் 83 விழுக்காடு புகார்தாரர் ஜெயித்திருந்தார்கள். மூன்று நடுவர் விசாரித்தவற்றில் 60 விழுக்காடு. நடுவர்களை நியமிக்கும் மன்றம் வாடிக்கையாளரைத் தேட வேண்டியிருந்தால் நியாயம் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டது அந்த ஆய்வு.

எழுத்தாளர்களுக்கு இதில் நேரடியாகச் சம்பந்தம் உண்டு. பிரிட்டிஷ் நாவலாசிரியை ஜேனெட் விண்டர்சனின் பெயரையும் வேறு பல எழுத்தாளர்களின் பெயர்களையும் ஒருவர் பதிந்து வைத்திருந்தார். விண்டர்சன் புகார் கொடுத்து 2000 மே மாதம் ஜெயித்தார். நல்லது. ஆனால் எப்படி? அவருடைய பெயர் பதியப்படாத ஒரு வணிகக் குறி என்று நடுவர்கள் ஏற்றுக்கொண்டதால். எழுதுகிறவர் தன் சொந்தப் பெயரைத் திரும்பப் பெற, அது சந்தையில் விலைபோகும் பெயர் என்று காட்ட வேண்டியிருந்தது. விற்காத எழுத்தாளருக்கு இந்த வழி இல்லை. அதே வருஷம் பாடகர் ஸ்டிங் தோற்றார். அவர் பெயர் ஆங்கிலத்தில் எல்லாரும் புழங்கும் சாதாரணச் சொல் என்பது முக்கியக் காரணம்.

சாதாரணச் சொல் என்ற வாதம் எல்லா இடத்திலும் செல்லவில்லை. 1999இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் யாகூ தொடுத்த வழக்கு, இணையப் பெயர் குறித்த இந்திய வழக்குகளில் முன்னோடி. ‘யாகூ இந்தியா’ என்று பெயர் வைத்தவர், அது அகராதியில் உள்ள சொல் என்றார். உண்மைதான், 1726இல் கலிவரின் பயணங்களில் மனித உருவம் கொண்ட இழிந்த பிராணிகளுக்கு ஜோனதன் ஸ்விஃப்ட் உண்டாக்கிய சொல் அது. நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இணையப் பெயருக்கு வணிகக் குறிக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்றது. 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஓர் எழுத்தாளனின் கற்பனைச் சொல் இப்படி ஒரு கம்பெனியின் பெயராக நீதிமன்றத்தில் நிலைபெற்றது.

நம் பக்கத்து அமைப்புகளும் இந்த ஆயுதத்தை எடுத்திருக்கின்றன என்பதை மறைக்கக்கூடாது. பிராணி உரிமை அமைப்பான பீட்டாவின் பெயரில் ஒருவர் 1995இல் ‘ருசியான பிராணிகளைத் தின்னும் மக்கள்’ என்ற கேலித் தளம் வைத்தார். ஆங்கிலத்தில் முதலெழுத்துகள் ஒன்றே. பீட்டா வழக்குப் போட்டு 2001இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது. கேலி புரிவதற்கு முன்பே பெயரைப் பார்த்து ஆள் வந்துவிடுகிறான் என்பது நீதிமன்றத்தின் தர்க்கம். பகடி தான் பகடி செய்யும் பெயரைத் தொடாமல் எப்படி நடக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

6

இனி ஆறு.

2012இல் ஐகான் விகுதிகளையே விற்பனைக்கு வைத்தது. விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர். வந்த விண்ணப்பங்கள் 1,930. அதுவரை ‘அமேசான்’ பகுதியாக இருந்தது. இப்போது ‘டாட் அமேசான்’ என்று விகுதியாகவே வேண்டும் என்று கம்பெனி கேட்டது. ஐகானின் விதிப்படி நாட்டுப் பெயர்களை யாருக்கும் தர முடியாது. தலைநகரங்களுக்கும் பட்டியலில் உள்ள மாநிலங்களுக்கும் அந்தந்த அரசின் சம்மதம் வேண்டும். ஆறு, மலை, காடு அந்தப் பட்டியலில் இல்லை. பிரேசிலும் பெருவும் 2012 நவம்பரிலேயே ஆட்சேபித்தன. 2013 ஜூலையில் டர்பனில் கூடிய அரசுகளின் ஆலோசனைக் குழு விண்ணப்பத்தை நிராகரிக்கச் சொன்னது. 2014 மே மாதம் ஐகான் நிராகரித்தது. இதே காலத்தில் படகோனியா என்ற உடுப்புக் கம்பெனி, அர்ஜென்டினாவும் சிலியும் எதிர்த்ததும் தன் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது. அமேசான் வாங்கவில்லை. மறு ஆய்வுக்குப் போய் 2017 ஜூலையில் ஜெயித்தது. எட்டு அமேசான் நாடுகளின் கூட்டமைப்புக்குக் கிண்டில் கருவிகளும் இணையச் சேவையுமாக 50 லட்சம் டாலர் அளவுக்குத் தருவதாகச் சொல்லிப் பார்த்தது. அவர்கள் மசியவில்லை. 2019 மே மாதம் ஐகான் கம்பெனியின் திட்டத்தை ஏற்றது. அந்த வருஷக் கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

கம்பெனிக்கு எதிராக ஆற்றங்கரை மக்கள் என்று இதைச் சுலபமாக எழுதிவிடலாம். வரலாறு அதற்கு இடம்தரவில்லை. ‘அமேசான்’ அந்த மண்ணின் சொல் கிடையாது. 1541–42இல் ஃபிரான்சிஸ்கோ தெ ஓரெலியானா என்ற ஸ்பானியப் படைத்தலைவன் அந்த ஆற்றில் இறங்கிப் போனான். அவனோடு போன கார்வஹால் என்ற பாதிரியார், தங்களை எதிர்த்துப் பெண்கள் போரிட்டதாக எழுதி வைத்தார். தங்களோடு போரிட்ட பெண்களைத் தங்கள் கிரேக்கக் கதைக்குள் வைத்து வாசித்தார்கள். அந்த வாசிப்பே ஆற்றுக்குப் பெயராயிற்று. இன்றும் அந்த ஆற்றின் ஒரு நீண்ட பகுதிக்குப் பிரேசிலில் சோலிமோயிஸ் என்று வேறு பெயர் இருக்கிறது.

ஆற்றின் பெயரைத் தன் பெயரில் வைத்துக்கொண்ட முதல் கம்பெனியும் சியாட்டில்காரர்களுடையது இல்லை. பெருவியன் அமேசான் கம்பெனி 1907இல் லண்டனில் பதிவானது. தொழில் ரப்பர். புட்டுமாயோ பகுதியில் விட்டோட்டோ, போரா முதலிய பூர்வகுடிகளை அடிமைகளாக்கி, சவுக்காலும் பட்டினியாலும் கொன்று ரப்பர் எடுத்தது. ரோஜர் கேஸ்மென்ட் 1910இல் நேரில் போய் விசாரித்து எழுதிய அறிக்கையை பிரிட்டிஷ் அரசு 1912இல் வெளியிட்டது. அந்தக் கம்பெனிக்கு அமேசான் என்ற பெயரை யார் கொடுத்தார்கள் என்று அன்று எந்த அரசும் கேட்கவில்லை.

ஆக 2019இல் மேசையின் ஒரு பக்கம் கம்பெனி உட்கார்ந்திருந்தது, மறுபக்கம் அரசுகள். ஐகானின் ஆலோசனைக் குழுவில் இருப்பவர்கள் அரசுப் பிரதிநிதிகள். நாடுகளின் கூட்டமைப்பும் அப்படியே. ‘எங்கள் பாரம்பரியம்’ என்று பேசிய அரசுகளில் சில அதே காட்டைச் சுரங்கத்துக்கும் எண்ணெய்க்கும் திறந்துவிட்டவை. காட்டுக்குள் இருக்கிற மக்களுக்கென்று ஓர் இருக்கை அங்கே இல்லை. வணிகக் குறி ஒரு வகைச் சான்றிதழ், இறையாண்மை இன்னொரு வகைச் சான்றிதழ். இரண்டும் இல்லாதவர் குரல் பதிவாகவில்லை. இந்த இடத்தில்தான் மின்னியாபொலிஸ் கடையின் கதையும் ஆற்றின் கதையும் ஒன்றாகின்றன.

7

அப்படியானால் எந்தப் பெயரையும் யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? முடியாது. வங்கியின் பெயரைப் போல ஒரு பெயரைப் பதிந்துகொண்டு ஓய்வூதியக்காரர் பணத்தைச் சுருட்டுகிறவன் இருக்கிறான். அவனிடமிருந்து பெயரைப் பிடுங்கத்தான் வேண்டும். அதற்குப் பழைய ஏமாற்றுத் தடுப்பு நியாயமே போதும். ‘இந்தச் சொல் என் சொத்து’ என்ற தேய்மான வாதம் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ‘பாதுகாப்பு’ என்ற ஒரே பெயரில் கொடுப்பதைத்தான் நாம் பிரித்துக் காட்ட வேண்டும்.

பிரிப்பது எப்போதும் சுலபமாக இருக்காது. 2002 டிசம்பர் 3, போபால் விஷவாயுக் கொலையின் ஆண்டு நாள். யூனியன் கார்பைடை வாங்கிவிட்ட டௌ கெமிக்கல் கம்பெனியின் பெயரில் எஸ் மென் என்ற குழு ஒரு தளம் வைத்து, போபாலுக்கு ஏன் எதுவும் செய்ய முடியாது என்று டௌ பேசுவதுபோல் அறிக்கை விட்டது. கொஞ்ச நேரமாவது டௌ என்று நம்பவைப்பதில்தான் அதன் பலமே இருந்தது. டௌ புகார் செய்ததும், அந்தத் தளம் மட்டுமின்றி அதற்கு இடம் கொடுத்த சிறு கலை வலையமைப்பின் மற்றத் தளங்களும் பல மணி நேரம் துண்டிக்கப்பட்டன. இதை ஏமாற்று என்று வகைப்படுத்தினால், வங்கிப் பெயரில் சுருட்டுகிறவனும் இவர்களும் ஒரே கூண்டில் நிற்பார்கள். யாருடைய பையில் பணம் சேர்கிறது, யாருடைய பொறுப்பு வெளிச்சத்துக்கு வருகிறது என்ற கேள்விகளைச் சேர்த்தால்தான் வித்தியாசம் தெரியும். டெல்லி உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் அப்படி ஒரு வித்தியாசத்தைப் பார்த்தது. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் கடலாமைகளுக்கு வரும் ஆபத்தைச் சொல்ல, டாடாவின் குறியை வைத்து கிரீன்பீஸ் ஒரு கணிப்பொறி விளையாட்டு வெளியிட்டிருந்தது. டாடா தடை கேட்டது. விமர்சனத்துக்காகக் குறியைப் பயன்படுத்துவது வேறு, வியாபாரத்துக்காகப் பயன்படுத்துவது வேறு என்று சொல்லி நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது.

நம் நண்பர்கள் சிலர் சொல்கிற மாற்று வழி, நாமும் நம் பெயர்களைப் பதிந்துகொள்வோம் என்பது. பத்திரிகைப் பெயர், இயக்கப் பெயர், ஊர்க் கைத்தொழிலின் பெயர் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்கிறார்கள். தற்காப்புக்கு அது தேவைப்படலாம்; மின்னியாபொலிஸ் பெண்களிடம் 1995க்கு முன் ஒரு சான்றிதழ் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு அதே பெயரில் இன்னோர் ஊரில் இன்னொரு பெண்கள் கூட்டம் கடை வைத்தால் என்ன செய்வோம்? பீட்டா செய்ததைச் செய்வோமா? இதற்கு இயக்கங்களுக்குள் ஒரு பதில் தயாராக இல்லை. வழக்கறிஞர்களிடம் விட்டுவைக்காமல் எழுதுகிறவர்களும் களத்தில் இருப்பவர்களும் சேர்ந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி இது.